மார்க் போடாத பட்டறைகள்

ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவர் ஒருவர் மூன்றாம் ஆண்டுக்கு வருவதற்குள் ஒன்பது இஞ்ச் சுவரை எத்தனை முறை வரைந்திருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது. இரண்டு இணைகோடு, நடுவில் ஹேட்ச் என்கிற சாய்கோடுகள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவர் மூலையில் எப்படித் திரும்புகிறது, ஜன்னல் ஓரத்தில் எந்தக் கல்லை வெட்டி முடிக்கிறார்கள், ஒரு வரி கட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது. இதில் மாணவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து ஆண்டு, பத்து செமஸ்டர் ஓடுகிற படிப்பில் அதைத் தெரிந்துகொள்ள நாம் இடமே வைக்கவில்லை.

நான் ஆர்க்கிடெக்டாகத் தொழில் செய்கிறேன். வாரத்தில் சில மணி நேரம் கல்லூரியில் டிசைன் ஸ்டுடியோவும், அதாவது மாணவர்கள் டிசைன் வரைந்து பழகுகிற வகுப்பும், எடுக்கிறேன். இது போக, நண்பர்கள் சிலர் சேர்ந்து லீவு நாட்களில் சின்னச் சின்னப் பட்டறைகள் நடத்தி வருகிறோம். கல்லூரியின் பெயர் இருக்காது, மார்க் கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது. ஒரு காலி மனை, கொஞ்சம் செங்கல், ஒரு மேஸ்திரி, ஒரு சித்தாள், பத்துப் பதினைந்து மாணவர்கள். இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகப் பட்டிருக்கிறது. ஸ்டுடியோவில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லியும் மண்டையில் ஏறாத சில விஷயங்கள் இங்கே அரை நாளில் ஏறிவிடுகின்றன. அது ஏன் என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பட்டறைக்கு நாலாம் ஆண்டு மாணவி ஒருவர் தன் டிசைனிலிருந்து ஒரு சின்னப் பகுதியைக் கட்டிப் பார்க்கலாம் என்று படத்தோடு வந்திருந்தார். இரண்டு ஜன்னலுக்கு நடுவே நிற்கிற ஒரு சுவர்த்துண்டு. பூச்சு இல்லாத செங்கல் சுவர். அகலம் 600 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தார். மேஸ்திரி படத்தைக் கையில் வாங்கவே இல்லை. "அடிக்கணக்குல சொல்லும்மா" என்றார். "ரெண்டு அடிண்ணே." "சரி. ரெண்டரைக் கல்லா, மூணு கல்லா?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. மேஸ்திரி பொறுமையாகக் கல்லைத் தரையில் அடுக்கிக் காட்டினார். கல்லுக்கு இடையே வருகிற சாந்து மூட்டோடு சேர்த்து ஒரு கல் ஒன்பது இஞ்ச். இரண்டரைக் கல் என்றால் 22½ இஞ்ச். மூன்று கல் என்றால் 27 இஞ்ச். இரண்டு அடி என்பது 24 இஞ்ச், இரண்டிலும் சேராது. ஒவ்வொரு வரியிலும் ஒன்றரை இஞ்ச்சுக்கு ஒரு துண்டு வைக்க வேண்டும். நாட்டுச் செங்கல்லை ஒன்றரை இஞ்ச்சுக்கு வெட்டினால் நொறுங்கிப் போகும். இல்லையென்றால் மூட்டுகளைத் தடிமனாக்கிக் கலவையை வைத்து நிரப்ப வேண்டும். பூச்சு பூசுகிற சுவராக இருந்தால் யார் கண்ணிலும் படாது. இது பூச்சில்லாத சுவர், தப்பு காலத்துக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

600 என்ற எண் எங்கிருந்து வந்தது? பழக்கத்தில் வந்ததுதான். 300, 600, 900, 1200 என்று ரவுண்டாகப் போட்டே எல்லோருக்கும் கை பழகிவிட்டது. அன்று மாலைக்குள் அந்த மாணவி சுவர்த்துண்டை 27 இஞ்ச் ஆக்கினார். அதை மாற்றியதும் ஜன்னல் அகலத்தையும் மாற்ற வேண்டி வந்தது. அப்புறம் சில், அதாவது ஜன்னலின் அடிமட்டம், இருக்கிற உயரம். ஒரு வரி மூன்று இஞ்ச் என்றால் மூன்று அடி உயரத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு வரி வரும், அங்கே வெட்டுக்கு வேலையே இல்லை என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. இதையே ஸ்டுடியோவில் "செங்கல் அளவை வைத்து யோசியுங்கள்" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவார்கள், அடுத்த ஷீட்டிலும் 600 வரும்.

இங்கிலீஷ் பாண்ட், பிளெமிஷ் பாண்ட் என்று செங்கல் அடுக்கும் முறைகள் எல்லாம் கன்ஸ்ட்ரக்‌ஷன் பாடத்தில் உண்டு. ஷீட் போடுவார்கள், ஐசோமெட்ரிக் வரைவார்கள், நீளவாக்கில் பாதியாக வெட்டிய குயின் குளோசர் துண்டு எங்கே வரும் என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்குவார்கள். மூலையில் தலைக்கல்லுக்கு (குட்டைப் பக்கம் வெளியே தெரிய வைக்கிற கல்) பக்கத்தில் அந்தச் சின்னத் துண்டு எதற்கு என்று கேட்டால், "சார், புக்ல அப்படித்தான் இருக்கு" என்பார்கள். அதை வைக்காமல் இரண்டு வரி கட்டச் சொல்லுங்கள். மேல் வரியின் மூட்டு கீழ் வரியின் மூட்டுக்கு நேராக வந்து உட்காருவது கண்ணுக்கே தெரியும். "மூட்டு மேல மூட்டு வரக்கூடாது தம்பி" என்று மேஸ்திரி சொல்லும்போது, புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்குப் படித்த பாடத்துக்கு அப்போதுதான் காரணம் கிடைக்கிறது. கல்லை ஏன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்பதும் அப்படித்தான். ஊறாத கல்லில் சாந்தை வைத்த கொஞ்ச நேரத்தில் கல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சாந்து மாவாக உதிரும். ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

மூலை மட்டம் பிடிக்கிற வித்தையைப் பார்த்து மாணவர்கள் ஆச்சரியப்படுவதை நான் ஒவ்வொரு முறையும் ரசிப்பேன். ஒரு பக்கம் மூன்று அடி, மறு பக்கம் நாலு அடி, குறுக்கே சரியாக ஐந்து அடி வந்தால் மூலை சதுரம். எட்டாம் வகுப்பிலிருந்து படித்து வருகிற பிதாகரஸ் தேற்றம். அது சில ஆணியும் நூலும் ஒரு டேப்புமாக மண்ணில் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

சைட் விசிட் இருக்கிறதே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சைட் விசிட் தேவைதான். ஆனால் அங்கே மாணவர் பார்வையாளர். ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார், போட்டோ எடுப்பார், இன்ஜினியர் சொல்வதை எழுதிக்கொள்வார். அங்கே வேலை ஓட வேண்டும், இவர்கள் கரண்டியைப் பிடித்துப் பார்க்கட்டும் என்று யாராலும் காத்திருக்க முடியாது. பட்டறையில் கட்டுகிற சுவரில் யாரும் குடியிருக்கப் போவதில்லை. அதனால் அது கோணலாக வரலாம், சாயலாம், இடித்துவிட்டுத் திரும்பக் கட்டலாம்.

இந்தச் சுதந்திரத்தின் அருமை ஜூரியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆர்க்கிடெக்சர் கல்லூரிகளில் ஜூரி என்பது மாணவர்கள் பல நாள் தூங்காமல் வேலை செய்துவிட்டு, மார்க் போடுகிறவர்கள் முன்னால் தங்கள் டிசைனை விளக்க வந்து நிற்கிற இடம். அங்கே எதைக் கேட்டாலும் ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும், தெரியாது என்று சொன்னால் மார்க் போய்விடும் என்ற பயம் இருக்கும். அதனால் நல்ல மாணவர்கள்கூட டிசைனைச் சரிபார்ப்பதை விட்டுவிட்டு அதைக் காப்பாற்றப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். பட்டறையில் அந்தப் பேச்சுக்கு வேலையில்லை. தூக்குக்குண்டைப் பிடித்தால் சுவர் நேராக இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். திருத்துவதற்கு வழியும் உடனே இருக்கிறது. முதல் ஆண்டுப் பையனும் நாலாம் ஆண்டுப் பெண்ணும் ஒரே நூலின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரிக்குள் இந்த இருவரும் சேர்ந்து வேலை செய்ய வாய்ப்பு மிகக் குறைவு.

தோற்கலாம் என்ற அனுமதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்கிற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிளாக் மவுண்டன் காலேஜ் என்று ஒரு சிறிய கலைக் கல்லூரி இருந்தது. 1948 கோடையில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் அங்கே பாடம் எடுக்க வந்தார். ஜன்னல் மறைப்பில் வருகிற வெனிஷியன் பிளைண்ட் பட்டைகளை வாங்கி, மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெரிய குவிமாடத்தை எழுப்பிப் பார்த்தார். அது எழும்பவே இல்லை, தரையிலேயே படுத்துக்கொண்டது. அடுத்த கோடையில், 1949இல், திரும்பி வந்து வேறு பொருளில் சின்னதாக ஒன்றைச் செய்தார்கள், அது நின்றது. முதல் கோடையில் அங்கே இருந்த கென்னத் ஸ்னெல்சன் என்ற மாணவர், விறைப்பான துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் இழுவிசையிலேயே நிற்க வைக்கிற அமைப்பைக் கண்டுபிடித்தார். டென்செக்ரிட்டி என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது அங்கே முளைத்ததுதான். 1948இல் அந்தக் குவிமாடத்துக்கு யாராவது மார்க் போட்டிருந்தால் எவ்வளவு போட்டிருப்பார்கள்?

நம் பக்கத்துக்கு வருவோம். ஆரோவில்லில் இருக்கிற எர்த் இன்ஸ்டிடியூட் 1989இலிருந்து மண் கட்டுமானத்தில் வேலை செய்கிறது, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. அது முறைப்படி நடக்கிற நிறுவனம், எங்கள் காலி மனைப் பட்டறை அப்படி இல்லை. ஆனால் அந்த மாதிரி இடங்களில் பழகுகிற மண் சோதனைகள் யாரும் எங்கேயும் செய்யக்கூடியவை, நாங்களும் அவற்றைத்தான் செய்கிறோம். கண்ணாடி பாட்டிலில் கால்வாசிக்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால் சரளையும் மணலும் முதலில் அடியில் உட்காரும், அதன் மேல் வண்டல், களிமண் கடைசியில் மெதுவாக இறங்கும். ஈர மண்ணைக் கையில் பிசைந்துவிட்டுக் கழுவிப் பாருங்கள். மணல் அதிகமென்றால் உடனே போய்விடும், களிமண் என்றால் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு கையை விடாது. மோந்து பார்த்தால் மட்கு வாசனை அடித்தால் அது மேல்மண், செடிக்கு விட்டுவிட வேண்டியது, கட்டக் கூடாது. நல்ல மண் கிடைத்தால் சுமார் 5 சதவீதம் சிமென்ட் சேர்த்து, பிரஸ்ஸில் அழுத்தி, சூளையே இல்லாமல் நான்கு வாரம் ஈரத்தில் வைத்துக் கல் எடுக்கலாம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மண் கட்டடம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் இல்லை. ஒரு மாணவர் தன் ஊர் மண்ணை முதல் தடவையாகக் கையில் எடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாட்டிலில் மண்ணை எடுத்துக்கொண்டு வருகிறார். காரைக்குடிப் பக்கத்து செம்மண்ணும் தஞ்சாவூர்ப் பக்கத்துக் களிமண்ணும் ஜன்னலோரத்தில் வரிசையாக நிற்கும்போது, டிசைனுக்கு முன்னால் கொடுக்கிற பிரீஃபில் 'சைட்' என்று ஒற்றை வார்த்தையில் முடிந்துபோன விஷயத்துக்கு எடையும் நிறமும் வந்துவிடுகிறது.

சுண்ணாம்பு இன்னும் கடினமான ஆசிரியர். சென்னையின் பழைய வீடுகளில் இருக்கிற மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குக் கட்டைகள் மேல் அச்சுக்கல் என்ற மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்தோடு ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாட்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகள் இன்று குறைவு. சுண்ணாம்புச் சாந்தில் சேர்க்கிற, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதை வாசனையை வைத்துச் சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அதை எந்த ஷீட்டிலும் வரைய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் மோந்து பார்ப்பதை நாமும் மோந்து பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கு அவசரம் கிடையாது, நாலு நாள் காத்திரு என்றால் காத்திருக்கத்தான் வேண்டும். சப்மிஷன் தேதியை வைத்தே வாழ்ந்து பழகியவர்களுக்கு இது பெரிய பாடம்.

அந்தப் பெரியவரை எங்கள் கல்லூரியின் டைம் டேபிளில் போட முடியாது. ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் ஆசிரியராக இருக்கப் பட்டம் வேண்டும், அந்த விதி ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கிறது, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் நாற்பது வருடம் கட்டிய ஒருவர் மாணவர்கள் முன்னால் ஆசிரியராக நிற்க அங்கே வழி கிடைப்பது அரிது. முறைசாராப் பட்டறையில்தான் அது நடக்கிறது. 1919இல் ஜெர்மனியின் வைமரில் பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளி ஆரம்பித்தபோது ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு பேரை வைத்தார்கள். ஒருவர் கலைஞர், இன்னொருவர் கைத்தொழில் தெரிந்தவர். அங்கேயும் கைத்தொழில்காரருக்குச் சம அந்தஸ்து கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு பாடத்துக்கு இரண்டு விதமான அறிவு தேவை என்று நூறு வருடத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டார்கள். நம் கல்லூரிகள் அவர்களிடமிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்டன, இதை எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து மாநிலத்தில் லாரி பேக்கர் என்ற ஆர்க்கிடெக்ட் இதை வேறு மாதிரி செய்து காட்டினார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டியதெல்லாம் பெரும்பாலும் சைட்டில், கொத்தனார்களோடு பேசிப் பேசித் தீர்மானித்தது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டி, நடுவில் வெற்றிடம் விடுகிற ராட்-டிராப் (எலிப்பொறி) சுவரில் சுமார் கால்வாசிச் செங்கல் மிச்சம். இளைஞர்கள் பலர் அவரிடம் வந்து சைட்டிலேயே கற்றுக்கொண்டார்கள். எங்கள் பட்டறையிலும் இந்தச் சுவரைக் கட்டிப் பார்ப்பது உண்டு. கல் எல்லாம் ஒரே அளவாக இல்லாவிட்டால் இது எவ்வளவு படுத்தும் என்பது கட்டும்போதுதான் தெரிகிறது. சூளையில் கல்லை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பேச்சு தானாகவே அங்கிருந்து ஆரம்பிக்கும்.

நான் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று சித்தாள்களைப் பற்றியது. நம்மூர் சைட்களில் கொத்தனார் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெரும்பாலும் பெண். பாண்டுச் சட்டியில் கலவை சுமந்து, கல் எடுத்துக் கொடுத்து, தண்ணீர் ஊற்றி இருபது வருடம் வேலை செய்தாலும் கரண்டி அவர் கைக்கு வராது, கூலியும் ஏறாது. எங்கள் பட்டறை ஒன்றில் மாணவி ஒருவர், தான் கட்டிய வரி கோணிக்கொண்டே போகவும், கலவை கொண்டுவந்த அக்காவிடம் "நீங்க ஒரு தடவை வைங்கக்கா" என்று கரண்டியை நீட்டினார். அவர் முதலில் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, சாந்தை விரித்து, கல்லை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு வரி முழுக்கப் போட்டார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் குமிழ் நடுவில் நின்றது. "பார்த்துப் பார்த்துத் தெரியும், வைக்கத்தான் விட மாட்டாங்க" என்றார்.

அதற்கப்புறம் அன்று நடந்த பேச்சு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதது. காலையில்தான் கரண்டியைத் தொட்ட மாணவிக்கு அது கிடைத்துவிட்டது, இருபது வருடமாகப் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஏன் கிடைக்கவில்லை? ஆர்க்கிடெக்டாகப் போய் நிற்கிற சைட்டில் நாம் இதைப் பார்ப்போமா, பார்த்தால் என்ன செய்வோம்? வருங்காலத்தில் வேலை கொடுக்கப் போகிறவர்கள் இவர்கள். இந்தக் கேள்வி அவர்களுக்குப் படிக்கும்போதே வருவதைவிடப் பெரிய பயன் ஒரு பட்டறையால் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பட்டறை என்ற பெயரில் நடப்பதெல்லாம் இப்படி என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் சாஃப்ட்வேர் வகுப்பு எடுத்து, சர்டிபிகேட் கொடுத்து, பெரிய தொகை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மூங்கிலில் ஒரு பெவிலியன் கட்டி, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு, அது மழையில் இற்றுப்போக விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கட்டணம் அதிகமானால் யார் வர மாட்டார்கள் என்பது வெளிப்படை. வீட்டில் முதல் பட்டதாரியாக, கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைகள்தான். அவர்களில் சிலருடைய அப்பாவே கொத்தனாராக இருப்பார். அப்பாவிடம் வீட்டிலேயே கற்றதை வெளியே சொல்லக் கூச்சப்படும் அந்தப் பிள்ளைதான் பட்டறையில் மற்றவர்களுக்குச் சொல்லித்தர முடிந்தவர். அவர் வர முடியாத பட்டறையை நடத்துவதில் அர்த்தமில்லை.

இதையெல்லாம் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிடலாமே என்று நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோ 1993இலிருந்து அப்படித்தான் நடக்கிறது. மாணவர்கள் கிராமப்புறத்திலேயே தங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு நிஜ வீடு கட்டுகிறார்கள், அது படிப்பின் பகுதிதான். அங்கே முடிந்திருக்கிறது. ஆனால் அதற்குத் தங்குமிடம், பணம், அங்கேயே வேர்விட்ட ஆசிரியர்கள் எல்லாம் வேண்டும். இவை எதுவும் இல்லாமல் இங்கே சேர்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ரெக்கார்டு நோட்டு வரும், இன்டர்னல் மார்க் வரும், சுவர் கோணினால் அரை மார்க் குறையும், அதற்கு அடுத்த வருடம் சீனியர் கட்டிய சுவரின் போட்டோவையே ஜூனியர் ஒட்டிக் கொடுப்பார். கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வருடத்தில் சில சனிக்கிழமைகளை சப்மிஷன் இல்லாமல் விடட்டும். மிச்சத்தை மாணவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மாணவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க நினைத்தால், பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் போய், ஒரு நாள் சொல்லித் தருவீர்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வேலை இல்லாத நாளாக அவரே பார்த்துச் சொல்லட்டும். இருநூறு முந்நூறு செங்கல் இருந்தால் போதும். சிமென்ட் வேண்டாம், மண் சாந்தில் கட்டுங்கள். சாயங்காலம் பிரித்துக் கழுவி அடுக்கினால் அதே கல் அடுத்த பட்டறைக்கு ஆகும். இடிப்பதும் பாடம்தான், எந்த மூட்டு முதலில் விடுகிறது என்று பார்க்கலாம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளிப்பதாக இருந்தால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே போக வேண்டாம், அது கொதிக்கும், தெறித்தால் கண் போய்விடும். உங்கள் டிசைனில் உங்களுக்கே சந்தேகமாக இருக்கிற ஒரு மூலையைக் கொண்டுபோங்கள், அழகாக வந்த இடத்தை விட்டுவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து காசு போட்டு மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள், இருவருக்கும் ஒரே தொகையாக.